ஹாமண்ட் முதல் காம்போ வரை: மின் ஆர்கன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் ஆர்கனும் கீபோர்டும் ஒன்றுதானே?

கல்யாண மேடையில் கீபோர்டைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இன்றைய கீபோர்டில் சில நூறு ஓசைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஆர்கனும் ஒன்று. மின் ஆர்கன் அப்படியல்ல; அது தன் ஓசையைத் தானே உண்டாக்கும் தனி வாத்தியம்.

பியானோவில் கட்டையைத் தட்டியதும் ஓசை பிறந்து, தேய்ந்து, அடங்கிவிடும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஓசை அப்படியே நிற்கும். ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு, பூப்போலத் தொட்டாலும் ஒரே அளவு. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காலடியில் ஒரு பெடல் உண்டு. நல்ல ஆர்கன் கலைஞரின் வலது காலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாட்டின் மூச்சு அங்கேதான் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் யார்? இசைக்கலைஞரா?

இல்லை, கடிகாரம் செய்தவர். லாரன்ஸ் ஹாமண்ட் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த பொறியாளர். ஆர்கன் வாசிக்கத் தெரியாதவர். மின்சாரத்தின் அலைவெண்ணோடு அடி பிசகாமல் சுழலும் ஒரு மோட்டாரை வைத்துச் சுவர்க்கடிகாரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடிகார வியாபாரம் படுத்தது. சீட்டுக்கட்டைத் தானே கலைத்துப் பங்கிடும் மேசையைக்கூடச் செய்து பார்த்தார். பிறகுதான், இம்மி பிசகாமல் சுழலும் மோட்டார் இம்மி பிசகாத சுருதியையும் தருமே என்ற எண்ணம் செயலுக்கு வந்தது. 1934இல் காப்புரிமை கிடைத்தது. 1935இல் முதல் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் துணைப் பொருளாளர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். முதலாளிக்கு இல்லாத காதை அவர் கொடுத்தார்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

பின்பக்கப் பலகையைக் கழற்றினால் தறிக்கூடத்தை எட்டிப் பார்த்ததுபோல இருக்கும். நீண்ட தண்டு பற்சக்கரங்கள் வழியாகச் சுழற்றும் 91 உலோகச் சக்கரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் அளவு. விளிம்பில் மேடு பள்ளமாகப் பற்கள். சிலவற்றில் இரண்டே பற்கள், சிலவற்றில் 192. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கம்பி சுற்றிய காந்தம். பல் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்னோட்டம் சற்றே ஏறி இறங்கும். நொடிக்கு 440 பற்கள் கடந்தால் 440 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான். காற்று இல்லை, துருத்தி இல்லை, நரம்பு இல்லை. சுருதி கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எண்ணெய் விட வேண்டும்! மேலேயுள்ள சிறு கிண்ணங்களில் எண்ணெய் விட்டால், பருத்தி நூல்கள் வழியாக அது ஒவ்வொரு தாங்கிக்கும் கசிந்து போகும். எண்ணெய் காணாமல் வறண்டுபோன ஆர்கன் சுழலாமல் இறுகிவிடும்.

கிளப்புவதும் ஒரு சடங்குதான். இந்த மோட்டார் தானாக ஓடத் தொடங்காது. 'ஸ்டார்ட்' விசையை எட்டு நொடி போல அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரங்கள் முனகிக்கொண்டே வேகம் எடுக்கும். பிறகு அதை விடாமலே 'ரன்' விசையைப் போட்டு, இரண்டையும் சேர்த்து இன்னும் சில நொடி பிடித்து, அதன்பின் முதல் விசையை விட வேண்டும். பழைய டீசல் பம்ப்செட்டைக் கிளப்பியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. இந்தச் சடங்கை நினைவில் வையுங்கள், கீழே ஒரு கதையில் திரும்ப வரும்.

டிராபார் என்பது என்ன?

விசைப்பலகைக்கு மேலே, இழுப்பறைக் கைப்பிடிகள் போலத் துருத்திக்கொண்டிருக்கும் ஒன்பது கம்பிகள். ஒவ்வொன்றையும் எட்டு நிலைகள் வரை வெளியே இழுக்கலாம்.

தம்புராவோடு பழகியவர்களுக்கு விளக்குவது எளிது. மந்தர ஸட்ஜத்தை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே எழுந்து மிதக்கும். ஒரு சுரத்துக்குள்ளேயே அதன் மேல் ஸட்ஜம், பஞ்சமம், காந்தாரம் எல்லாம் குடியிருக்கின்றன. எது தூக்கலாக இருக்கிறது என்பதில்தான் வீணையும் புல்லாங்குழலும் வேறுபடுகின்றன. டிராபார் அந்தக் குடித்தனக்காரர்களை ஆளுக்கொரு கம்பியில் பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. ஒன்றை இழுத்தால் பஞ்சமம் தூக்கலாகும், இன்னொன்றை இழுத்தால் காந்தாரம். தம்புராவில் காத்திருந்து கேட்க வேண்டிய சுரத்தை இங்கே விரலால் இழுத்து வெளியே எடுக்கலாம். ஜாஸ் கலைஞர்கள் முதல் மூன்றை முழுக்க இழுத்து மற்ற ஆறையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். தடித்த, கொஞ்சம் கரகரத்த குரல் வரும். ஒன்பதையும் இழுத்தால் தேவாலயமே எழுந்து நின்று பாடும்.

குழாய் ஆர்கனுக்கு மாற்று என்றுதானே விற்றார்கள்?

ஆமாம், அதற்காக வழக்கையும் சந்தித்தார்கள். பெரிய தேவாலயங்களில் ஆயிரக்கணக்கான குழாய்களோடு சுவரையே அடைத்து நிற்கும் ஆர்கனுக்கு இது ஈடு என்று விளம்பரம் செய்தது நிறுவனம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதைக் கேள்வி கேட்டது. சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் இரண்டையும் மறைவில் வைத்து வாசித்துச் சோதனை நடந்தது. கேட்டவர்களில் கணிசமானோருக்கு எது எதுவென்று பிடிபடவில்லை. இருந்தும், குழாய் ஆர்கனின் எல்லா ஓசைகளையும் இது தரும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1938இல் ஆணை வந்தது.

என்னைக் கேட்டால் ஆணையம் சொன்னதுதான் சரி. ஹாமண்டை யாரும் குழாய் ஆர்கன் என்று நம்பாத இடங்களில்தான் அது உருப்பட்டது.

அதனோடு சேர்ந்து நிற்கும் மரப்பெட்டி எது? அதற்குள் ஏதோ சுற்றுகிறதே?

அது லெஸ்லி ஸ்பீக்கர். டொனால்ட் லெஸ்லி 1937இல் ஒரு ஹாமண்ட் வாங்கினார். கடையில் நன்றாகக் கேட்டது, வீட்டுச் சிறிய அறையில் தட்டையாக, உயிரில்லாமல் ஒலித்தது. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு இடத்திலிருந்து வருகிறது, இங்கே எல்லாம் ஒரே ஓட்டை வழியாக வருகிறது என்று காரணத்தைக் கண்டுபிடித்தார். அதனால் ஓசையையே சுற்றவிட்டார்.

பெட்டியின் மேல் அறையில் கொம்பு வடிவில் இரண்டு ஊதுகுழல்கள் சுழலும். அவற்றில் ஓசை வருவது ஒன்றில்தான். மற்றது எடை சமன்பட வைத்த ஊமைக் கொம்பு. கீழ் அறையில் ஒரு உருளை கீழ்ஸ்தாயியைச் சுழற்றும். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்துபோனதும் தாழ்ந்தும் கேட்குமல்லவா? அதுவே நொடிக்குப் பலமுறை நடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் லெஸ்லி. மெதுவேகத்தில் ஓசை அலை போல அசையும். வேகம் கூட்டினால் நடுங்கும். இரண்டையும்விட அழகு நடுவே இருக்கிறது. விசையைத் தட்டியதும் கொம்பு சட்டென்று வேகம் பிடித்துவிடும், கனமான உருளை சில நொடி கழித்துத்தான் பின்னால் ஓடிவரும். அந்தச் சில நொடிகளுக்காகவே பாட்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.

லெஸ்லி தன் பெட்டியை ஹாமண்டிடம் கொண்டுபோனார். ஹாமண்ட் வேண்டாம் என்றார். அதோடு நிற்காமல், தன் ஆர்கனோடு லெஸ்லியை இணைப்பதையும் தன் விற்பனையாளர்கள் அதை விற்பதையும் தடுக்கப் பார்த்தார். வாங்கியவர்களோ இரண்டையும் சேர்த்தே வாங்கினார்கள். லாரன்ஸ் ஹாமண்ட் 1973இல் இறந்தார். 1980இல் அவர் தொடங்கிய நிறுவனமே லெஸ்லியை விலைக்கு வாங்கியது.

பெட்டி ஆர்கனுக்கு மட்டும் உழைக்கவில்லை. 1966இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தன் குரல் கேட்க வேண்டும் என்றார். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் அவர் குரலை லெஸ்லிக்குள் அனுப்பிவிட்டார்.

கட்டையை அழுத்தும்போது 'டக்' என்று கேட்கிறதே, அது பழுதா?

பழுதுதான். ஒரு கட்டையின் கீழே ஒன்பது மின்தொடுப்புகள் இருக்கின்றன. அவை ஒரே கணத்தில் சேராமல் முன்பின்னாகச் சேர்வதால் அந்தச் சிறு வெடிப்பு. ஹாமண்டின் பொறியாளர்கள் அதை ஒழிக்கப் பாடுபட்டார்கள். தேவாலயத்துக்கு விற்கும் வாத்தியம் ஜெபத்தின் நடுவே சொடக்குப் போடலாமா?

ஆனால் கறுப்பின மக்களின் தேவாலயங்களும் ஜாஸ் விடுதிகளும் அந்தச் சொடக்கைத்தான் விரும்பின. அது தாளத்துக்கு விளிம்பு கொடுத்தது. பென்சில்வேனியாக்காரரான ஜிம்மி ஸ்மித், ஒரு ஹாமண்டை வாங்கிக் கிடங்கில் போட்டுத் தனியே சாதகம் செய்து, 1956இல் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்யத் தொடங்கினார். இடது கையும் இடது காலும் பாஸ் என்ற கீழ்ஸ்தாயி, வலது கை பாட்டு. கூட ஒரு கிதார், ஒரு டிரம். பாஸ் வாசிக்கத் தனி ஆள் தேவையில்லாததால் சிறிய விடுதிகளுக்கு மூன்று பேர் சம்பளமே போதும். 'ஆர்கன் டிரியோ' என்ற அமைப்பு பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்தக் காலத்துப் புகழ்பெற்ற மாதிரி பி-3. 1950களின் நடுவில் வந்தது. பெடல், இருக்கை சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ. சி-3 என்பது உள்ளே அதேதான். வாசிப்பவரின் கால் சபையோருக்குத் தெரியாதபடி மூன்று பக்கமும் பலகை அடித்திருப்பார்கள். விடுதிக்கு ஒன்று, வேதக்கோயிலுக்கு ஒன்று.

ராக் இசைக்கு எப்படி வந்தது?

பல வழிகளில் வந்தது. எனக்குப் பிடித்த வழி ஒரு திருட்டு நுழைவு. 1965 ஜூன் மாதம், நியூயார்க்கில் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஒலிப்பதிவு. 21 வயது ஆல் கூப்பர் கிதார் வாசிக்கும் ஆசையோடு வந்திருந்தார். மைக் புளூம்ஃபீல்ட் கிதாரை எடுத்து வாசிப்பதைக் கேட்டதும் தன் கிதாரை உறையில் வைத்து மூடிவிட்டார். ஆர்கன் வாசித்தவரைப் பியானோவுக்கு மாற்றியதில் அந்த இருக்கை காலியானது. கூப்பர் நைசாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஹாமண்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தார். மேலே சொன்ன ஸ்டார்ட்–ரன் சடங்கு அவருக்குத் தெரியாது!

அடுத்த சுரக்கூட்டு (கார்டு) எதுவென்று தெரியாததால், மற்றவர்கள் மாறிய பிறகு அரை அடி தாமதித்தே கை வைத்தார். பதிவைப் போட்டுக் கேட்டபோது ஆர்கனைக் கூட்டச் சொன்னார் டிலன். அவர் ஆர்கன் வாசிப்பவரே இல்லை என்றார் தயாரிப்பாளர் டாம் வில்சன். டிலன் கேட்கவில்லை. அந்தத் தயக்கம் பாட்டின் அடையாளமாகிவிட்டது. பின்னாளில் பலரும் வேண்டுமென்றே அப்படி வாசித்தார்கள்.

ஆர்கன் வாசிப்புக்காக வழக்கு நடந்ததாமே?

புரோகோல் ஹாரம் குழுவின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்', 1967. ஜெர்மன் இசைமேதை பாஹின் நிழல் விழுந்த அந்த ஆர்கன் முகப்பை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லை. 38 ஆண்டு கழித்து 2005இல் வழக்குத் தொடுத்தார். 2006இல் லண்டன் உயர்நீதிமன்றம் இசையின் உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. 2008இல் மேல்முறையீட்டில், இணை ஆசிரியர்தான், ஆனால் இவ்வளவு தாமதித்ததால் பணம் கிடையாது என்றார்கள். 2009இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒருமனதாகப் பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1964இல் அனிமல்ஸ் குழு பதிவுசெய்த 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' ஒரு பழைய நாட்டுப்பாடல். அதை அமைத்தவர் என்று இசைத்தட்டில் அச்சானது ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸின் பெயர் மட்டும்தான். ஐந்து பேர் உழைப்பு, பணம் ஒருவருக்கு.

வாக்ஸ், ஃபார்ஃபிஸா என்பவை ஹாமண்ட் வகைதானா?

இல்லை. இவற்றுக்குள் சக்கரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. பன்னிரண்டு சுரங்களுக்குப் பன்னிரண்டு டிரான்சிஸ்டர் அலைவுச் சுற்றுகள். அவற்றின் அலைவெண்ணைப் பாதி பாதியாகக் குறைத்துக் கீழ்ஸ்தாயிகளைப் பெறுவார்கள். விலை குறைவு, காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு போகலாம். இவற்றைத்தான் காம்போ ஆர்கன் என்றார்கள்.

இங்கிலாந்தில் 1962இல் வந்த வாக்ஸ் கான்டினென்டலைப் புகைப்படத்திலேயே அடையாளம் காணலாம்: சிவந்த மேற்பலகை, வளைந்த பளபளக் கால்கள், வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையுமாகக் கட்டைகள். மேலே சொன்ன அனிமல்ஸ் பாட்டில் கேட்பது இதுதான். டோர்ஸ் குழுவின் ரே மன்சாரெக் 'லைட் மை ஃபயர்' வாசித்ததும் இதில்தான். குழுவில் பாஸ் கிதார் இல்லாததால், மேலே வைத்த இன்னொரு சிறு விசைப்பலகையில் இடது கையால் பாஸையும் அவரே பார்த்துக்கொண்டார்.

ஃபார்ஃபிஸா இத்தாலிக்காரர்களுடையது, அக்கார்டியன் செய்யும் வட்டாரத்தில் பிறந்தது. இன்னும் மெல்லிய, மூக்கால் பாடுவது போன்ற ஓசை. பிங்க் ஃபிளாய்டின் ஆரம்பகாலத் தட்டுகளில் ரிச்சர்ட் ரைட் இதை எதிரொலிக் கருவியோடு சேர்த்து எங்கேயோ கொண்டுபோயிருப்பார். மலிவான வாத்தியம் என்று இதை இளக்காரம் பேசுகிறவர்களிடம் முதலில் அதைக் கேட்கச் சொல்வேன்.

ஆர்கனில் கத்தி குத்தியவர் யார்? ஏன்?

கீத் எமர்சன். நைஸ் குழுவிலும் பிறகு எமர்சன், லேக் அண்ட் பால்மரிலும் இருந்தவர். வேடிக்கை பாதி, பயன் பாதி. கட்டை கீழே இருக்கும்வரை ஓசை நிற்கும் என்பதால், இரண்டு கட்டைகளுக்கு இடையே கத்தியைச் செருகினால் சுரம் நின்றுகொண்டே இருக்கும். கை இரண்டும் வேறு வேலைக்குப் போகலாம்.

டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் இன்னும் கெட்டிக்காரர். சி-3 ஹாமண்டை மின்கிதாருக்கென்றே செய்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டார். ஓசை கிழிந்து, உறுமிக்கொண்டு வந்தது. 1972இன் 'மெஷின் ஹெட்' தட்டில் எது கிதார், எது ஆர்கன் என்று முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தமிழ்ப் பாட்டில் ஆர்கன் உண்டா?

உண்டு, பெரும்பாலும் காம்போ ஆர்கனாக. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் அதன் பெயரே 'காம்போ'தான். இளையராஜா இசையமைப்பாளராவதற்கு முன் சலீல் சௌத்ரி போன்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிதாரோடு ஆர்கனும் வாசித்தவர். எங்கள் ஊர்க் கோயில் கொடையில், விடிய விடிய நடக்கும் கச்சேரிக்கு வரும் வேனிலிருந்து முதலில் இறங்குவது காம்போ. அதைத் தொடக்கூடாது என்று துரத்துவார்கள். மேடையில் வயலின் கூட்டம், குழல், சோகத்துக்கு ஷெனாய் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாத்தியமே பொறுப்பு.

இதன் ஒன்றுவிட்ட அண்ணன் ஒன்றும் இந்தியாவில் பெயர் வாங்கியது. 1954இன் 'நாகின்' இந்திப் படத்து மகுடி இசை நாடு முழுக்கத் தெரிந்தது. அது மகுடியே அல்ல. ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் கிளேவியோலின் என்ற மின் விசைப்பலகை. வாசித்தவர் பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி.

பிறகு ஏன் மறைந்தது?

தூக்க முடியவில்லை. சுற்றுப்பயணக் குழுக்கள் ஹாமண்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, கைப்பிடி போட்டு எடுத்துப்போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்பது கம்பி என்று கையால் இணைக்கும் செலவும் கட்டுப்படியாகவில்லை. 1970களின் நடுவில் சக்கர ஆர்கன் உற்பத்தி நின்றது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கீபோர்டு வந்ததும் தேவாலயங்களும் விடுதிகளும் பி-3களை வந்த விலைக்குத் தள்ளின. அவற்றை அப்போது வாங்கிப் போட்டவர்கள் இன்று சிரிக்கிறார்கள். ஹாமண்ட் பெயர் இப்போது ஜப்பானின் சுசுகி இசைக்கருவி நிறுவனத்திடம் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பழைய ஹாமண்ட் ஒன்றை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கப்பல் கூலியைக் கேட்ட பிறகும் ஆசை இருந்தால், அலைவெண்ணைப் பாருங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மோட்டார் மின்சாரத்தின் பின்னால் ஓடுவதால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். எல்லாச் சுரங்களும் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கும். ஐந்து கட்டை சுருதியில் வாசித்தால் மூன்று கட்டை சுருதியில் கேட்கும். மின்மாற்றி வாங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். நான் நம்பிக் கெட்டேன். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. அதற்குத் தனி அலைவெண் மாற்றி வேண்டும். ஹாமண்ட் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்றே செய்த மாதிரிகளும் உண்டு; ஐரோப்பாவில் தேடலாம்.

மற்றவர்களுக்கு, ஹாமண்ட் ஓசையை டிஜிட்டலில் போலிசெய்யும் நகல் ஆர்கன் போதும். வாங்கும்போது ஒன்பது டிராபாரும் உண்மையான கம்பிகளாக இருக்கின்றனவா, கட்டைகளின் முன்விளிம்பு நீட்டிக்கொண்டிராமல் வளைந்து இறங்குகிறதா என்று பாருங்கள். உள்ளங்கையால் கட்டைகளை வழித்துக்கொண்டு போவது ஆர்கனில் ஒரு முக்கியமான வித்தை. கூரான விளிம்பு தோலை உரித்துவிடும்.

ஹார்மோனியம் தெரியும். ஆர்கன் எளிதாக வருமா?

வலது கை உடனே வரும். துருத்தியிலிருந்து விடுபட்ட இடது கை சில வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும். அதற்குச் சுரக்கூட்டுகளைக் கொடுங்கள். துருத்தியில் கொடுத்த அழுத்தத்தை இனி வலது பாதம் கொடுக்க வேண்டும். கமகம் எதிர்பார்க்க வேண்டாம்; ஹார்மோனியத்தில் இல்லாதது இங்கேயும் இல்லை.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1962இன் 'கிரீன் ஆனியன்ஸ்'. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கூடத்தில், 17 வயது புக்கர் டி. ஜோன்ஸ் சிறிய ரக எம்-3 ஹாமண்டில் வாசித்தது. மூன்று நிமிடம்கூட இல்லை. அதன்பின் ஸ்பென்சர் டேவிஸ் குழுவின் 'கிம்மி சம் லவின்'. பதின்வயது ஸ்டீவ் வின்வுட் பாடிக்கொண்டே ஆர்கனையும் அலறவிடுவார். ஜமைக்கா பக்கம் போனால் கிங்ஸ்டனின் ஸ்டூடியோ ஒன்னில் ஜாக்கி மிட்டூ வாசித்தவை. ஜமைக்காவின் ரெகே இசையில் ஆர்கன் முன்னால் வராது. கிதார் வெட்டுகளுக்கு இடையே கொதிக்கும் உலைபோலக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும், காதைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். ஜிம்மி ஸ்மித்தை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்; ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு அவர் லெஸ்லியின் விசையைத் தட்டும்போது, முதலில் கொம்பு ஓடும், கொஞ்சம் பொறுத்து உருளை வந்து சேரும்.